பிரேக்கா, கியரா?

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே பிரேக்கை மட்டுமே நம்பி மோட்டார் ஓட்டும் சாரதியின் தைரியத்தை மெச்சலாம். கூடப் பிரயாணம் செய்யத்தான் கூடாது! வண்டியின் வேகத்தைப் பிரேக் உஷ்ணமாக மாற்றுகிறது. இடைவிடாமல் மிதித்தால் சூடேறிப் பிடி தளரும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழியிட்டதோ, பெடல் தரைவரை அமிழும், வண்டி நிற்காது.

எந்தக் கியரில் மலை ஏறுவோமோ, அதே கியரில் இறங்கவேண்டும் என்பது அநுபவஸ்தர் வழக்கம். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் உருட்டுவது வீண் அபாயம். இக்காலத்து எஞ்சின்களில், கியரோடு இறங்கும்போதுதான் பெட்ரோல் அநேகமாகச் செலவாவதில்லை.

சமதரையில் விஷயம் வேறு. அங்கே பிரேக்கே உத்தமம். கிளட்சைவிடப் பிரேக் கட்டை மலிவு. தவிர, பின்னால் வருகிறவரை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு, பிரேக்கை மிதித்தால்தானே எரியும்?