ஒரு மிடறு தண்ணீர்

கழுத்தின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளை மேல் லேசாக விரலை வைத்து, எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அது மேலே ஏறி, சட்டென்று கீழே இறங்கும். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் நம் உயிரைக் காப்பது அந்த ஏற்றம்தான். தொண்டைக்குக் கீழே முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். சோறோ தண்ணீரோ, மூச்சுக்குழாயின் வாசலைக் கடந்துதான் உணவுக்குழாய்க்குள் போயாக வேண்டும்.

மென்று குழைந்த உணவை நாக்கு அண்ணத்தில் அழுத்திப் பின்னால் தள்ளும்வரை எல்லாம் நம் விருப்பப்படி நடக்கும். அதற்குமேல் மூளைத்தண்டின் ஆட்சி. மென்னண்ணம் எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று நெருங்கி மூடிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக இழுபட, அதன் மூடி கவிகிறது. எப்போதும் இறுகியிருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய் அந்த இழுப்பிலேயே திறக்கிறது. இத்தனையும் சுமார் ஒரு வினாடியில் முடிந்துவிடும். பிறகு 25 செ.மீ. நீள உணவுக்குழாய் அலையலையாகச் சுருங்கி, உணவை இரைப்பையில் சேர்க்கிறது.

பேசிக்கொண்டே சாப்பிட்டால் இந்த வரிசை பிசகும், புரையேறும். உச்சந்தலையில் தட்டுவதால் எதுவும் ஆவதில்லை. வழிதவறிப் போனதை வெளியே தள்ளுவது இருமல்தான். இருமுகிறவரை நன்றாக இரும விடுங்கள்.

கவலைப்பட வேண்டியது இருமல் வராதபோதுதான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொடக்க நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சியே குறைந்து, தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் தெரியாது. சாப்பிட்டதும் குரல் களகளவென்று ஈரமாக ஒலிப்பதும், அடிக்கடி காய்ச்சல் வருவதும்தான் வெளியே தெரியும் அடையாளங்கள். அதன் முடிவு நிமோனியாவாக இருக்கலாம்.

‘சாப்பாடு இறங்கவில்லை, தண்ணியாவது கொடுங்கள்’ என்று வீட்டில் பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால், இவர்களுக்குப் பெரும்பாலும் மிகக் கடினமானதே தண்ணீர். குரல்வளை மூடுவதற்கு முன்பே அது ஓடிவிடுகிறது. கெட்டியான கூழ் மெல்ல நகர்வதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது. நீர்க்க விட்ட ரசம் சாதத்தில் ரசம் ஒரு வேகத்திலும் சோறு ஒரு வேகத்திலும் போகும், அதுவும் சிக்கல்தான். அண்ணாந்து குடிப்பது, படுத்தபடி புகட்டுவது இரண்டும் கூடவே கூடாது. விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும்வரை வாய்வழியாக எதுவும் தராதிருப்பதே பாதுகாப்பு. தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது போகும் பாதையை எக்ஸ்ரே வீடியோவில் பார்ப்பார்கள். எதை, எந்தப் பதத்தில், தலையை எப்படி வைத்து விழுங்கலாம் என்பதைப் பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லித் தருவார்.

நெஞ்சில் அடைப்பது வேறு கதை. தொடக்கத்திலிருந்தே கட்டி உணவு, தண்ணீர் இரண்டும் நின்றால், உணவுக்குழாயின் தசையோ நரம்போ பழுதாகியிருக்கக்கூடும். முதலில் இட்லி, தோசை அடைத்து, நாளாக நாளாகக் கஞ்சியும் இறங்க மறுத்தால், குழாய் சுருங்கிவருகிறது என்று பொருள். புற்றுநோயும் அதற்குக் காரணமாக இருக்கலாம். வாயுத் தொல்லை என்று சோடா குடித்து நாளைக் கடத்தாமல் உடனே எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.