பாசியின் பெயரும் பயிரிடுவோர் நலமும்

அண்மையில் நெய்வேலியை அடுத்த சங்கமொன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். கிடங்கில் இஃப்கோவின் ‘சாகரிகா’ புட்டிகள் இருந்தன. முதிய அங்கத்தினர் ஒருவர், “இன்ஸ்பெக்டர் ஐயா, இது கடற்பாசிச் சாறு என்கிறார்கள். பாசிகளோ பல, இன்ன பாசி என்று எவ்வாறு அறிவது?” என வினவினார். அவ்வினா நம் அனைவர்க்கும் உரியதாகும்.

மன்னார் வளைகுடாக் கரையில் பாசி சேகரிக்கும் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை எனக் கண்ணாலேயே இனம் பிரிப்பர். கட்டக்கோரையினின்று பெறும் ஆல்ஜினேட்டு, துணியில் அச்சிடும் சாயத்தைக் குழம்பாக்க உதவுவது. ஆயினும் கண் எப்போதும் போதாது. மண்டபம் பகுதியில் மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி, பச்சை, பழுப்பு, சிவப்பு என நிறம் வேறுபடும். நீரோட்டத்திற்கேற்ப வடிவமும் மாறும். அதன் உறவான யூக்கியூமாவும் பார்வைக்கு ஏறக்குறைய அதுபோன்றதே. முன்னது இறுகிய கூழைத் தரும். பின்னது இளகிய கூழைத் தரும். இரண்டும் கலந்தால் சரக்கின் தரம் கெடும், விலையும் குறையும்.

இவ்விடத்தில் மரபணுச் சோதனை துணைபுரிகிறது. பாசியின் சிறு நுனியைக் கிள்ளி, அதன் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, காக்ஸ்-1 போன்றதொரு பகுதியின் எழுத்து வரிசையைப் படித்து, முன்பே அறிந்த இனங்களின் வரிசையோடு ஒப்பிடுவர். நிறமும் வடிவமும் மாறினும் இவ்வரிசை இனத்தைக் காட்டிக்கொடுக்கும்.

2006ஆம் ஆண்டில் சுக்கரெல்லோவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் பயிரிடப்படும் கப்பாபைகஸ் அல்வரேசி பெரும்பாலும் ஒரே மரபு வழியினது எனக் காட்டிற்று. கரும்பைக் கரணை வைத்து வளர்ப்பதுபோல் இதனையும் துண்டு கட்டியே வளர்க்கின்றனர். ஒரே ரகக் கரும்பில் செவ்வழுகல் புகுந்தால் நேர்வது யாதென நாம் அறிவோம். 2013ஆம் ஆண்டையொட்டித் தமிழகக் கரையில் இப்பாசி பெருமளவில் மடிந்து, பல குடும்பங்கள் வருவாய் இழந்தன. வெப்பத்தையும் நோயையும் தாங்கும் வேறு மரபுகளைத் தேடவேண்டுமாயின், கையிலுள்ளது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முதியவருக்கு நான் கூறியது இதுவே: புட்டியில் அடைத்த சாற்றில் மரபணு சிதைந்திருக்கக்கூடும்; ஆகவே விதைப்பாசி கட்டும் இடத்திலேயே இனத்தை அறிந்து பதிவேட்டில் குறித்தல் நன்று. பெயரறியா விதையை ஏற்பது, கையொப்பமில்லாப் பற்றுச்சீட்டை ஏற்பதற்கு ஒப்பாகும். நெல்லாயினும் பாசியாயினும் விதி ஒன்றே.