திருகோணமலைக்குக் கண்ணாயிருந்த விமானம்

போர் விமானம் என்றதும் வேகமே நினைவுக்கு வரும். ஆயினும் விமானப் பிரியர் பலர் இன்றும் போற்றுவது, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லப் பறந்த கட்டலினா என்னும் கடல் விமானத்தையே. காரணம் யாது?

அது நீரிலிருந்தே எழும், நீரிலேயே இறங்கும். சிறகு உடலுக்கு மேலே உயர்ந்து நின்றமையாலும், பக்கங்களில் குமிழ் போன்ற கண்ணாடிச் சாளரங்கள் இருந்தமையாலும், கடற்பரப்பை நன்கு நோக்கலாம். இருபது மணி நேரம்வரை இறங்காது சுற்றவும் வல்லது. வேவு பார்ப்பதற்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

1942 ஏப்ரல் 8ஆம் நாள், திருகோணமலைக்குக் கிழக்கே ஜப்பானியக் கடற்படையை ஒரு கட்டலினா கண்டு அறிவித்தது. அன்றிரவே துறைமுகத்துக் கப்பல்கள் பல வெளியேற்றப்பட்டன. மறுநாட் காலை நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. வெளியேறிய கப்பல்கள் யாவும் பிழைத்தில; ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அன்று காலை பகைவரைத் தேடிச் சென்ற மற்றொரு கட்டலினாவும் சுட்டு வீழ்த்தப்பட்டது; அதில் சென்றோர் எவரும் மீளவில்லை.

விரைந்து தப்பவியலாத விமானத்தில், பகைவரைத் தேடியே சென்றனர் அவ்வீரர். கட்டலினாவின் பெருமை அவர்தம் துணிவோடு இணைந்ததாகும்.