தையல் தாங்காத தமனிகள்

கிழிந்த துணியை ஊசி நூல் கொண்டு தைத்துவிடலாம். நீரில் ஊறிய காகிதத்தைத் தைக்க முடியுமா? ஊசி பட்ட இடமெல்லாம் புதிதாகக் கிழியும். எலர்ஸ்-டான்லோஸ் என்னும் மரபுவழி நோயின் ஒரு வகையில் தமனிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இதயம் துடிக்கும்போதெல்லாம் இரத்தம் தமனிச் சுவர்களில் மோதுகிறது. அம்மோதலைத் தாங்கும் உறுதியைச் சுவர்களுக்கு அளிப்பவற்றுள் மூன்றாம் வகைக் கொல்லாஜன் என்னும் புரதம் முக்கியமானது. இந்நோயாளிகளிடம் அது குறைவுபடுவது 1975இல் கண்டறியப்பட்டது.

இந்தக் கொல்லாஜன் முப்புரிக் கயிறு போன்றது. மூன்று புரிகளும் ஒரே மரபணுவின் கட்டளைப்படி உருவாகின்றன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அம்மரபணு நமக்கு இரண்டு கிடைக்கிறது. ஒன்று பழுதானால் புரிகளில் பாதி கெட்டவையாக அமையக்கூடும். அப்படியானால் கயிறுகளிலும் பாதிதானே கெடும்? இல்லை! மூன்று புரிகளும் நல்லவையாகச் சேரும் வாய்ப்பு 1/2 × 1/2 × 1/2, அதாவது எட்டில் ஒன்றுதான்.

இதன் விளைவு கொடியது. 2000இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்நோயாளிகளுள் நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்குள்ளும், ஐந்தில் நால்வருக்கு 40 வயதுக்குள்ளும் தமனியோ குடலோ கிழிதல் போன்ற பெருந்துன்பம் நேர்ந்திருந்தது.

தமனி கிழிந்தால் உடனே அறுவை செய்வதுதானே முறை? இங்கே அவசரம் ஆபத்தாகலாம். தையல் போட்ட இடமே பிளந்துகொள்ளும். தமனிக்குள் குழாய் செலுத்திப் படமெடுப்பதும் சுவரைக் கிழிக்கக்கூடும். ஆகவே இயன்றவரை வெளியிலிருந்தே ஸ்கேன் எடுக்கின்றனர். கசிவு தானே அடங்குமானால், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக் கூர்ந்து கவனிக்கின்றனர். உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கென்றால் மட்டும், தமனியை அடைத்தோ மிக மென்மையாகக் கட்டியோ நிறுத்துகின்றனர்.

வருமுன் காக்க வழியுண்டா? பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 53 பேரிடம் நடந்து, 2010இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருகிறது. செலிப்ரோலால் என்னும் மருந்தை உட்கொண்ட 25 பேரில் 5 பேருக்கும், உட்கொள்ளாத 28 பேரில் 14 பேருக்கும் தமனிப் பாதிப்பு ஏற்பட்டது. இம்மருந்து பழுதான மரபணுவைத் திருத்துவதில்லை. ஆபத்தைக் குறைக்க உதவுகிறது. ஆய்வு சிறியது என்பதையும் மறக்கலாகாது.

நோயுள்ளவரின் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. எனவே குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், மற்றவர்களும் மருத்துவரைக் கலந்து மரபணுச் சோதனை செய்துகொள்வது நன்று. நோயாளி தம் நோயின் பெயரெழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அவர் நினைவிழந்து கிடக்கும் வேளையில், மருத்துவரின் கையை எச்சரிப்பது அந்த அட்டைதான்.