சுட்டு விரலும் வினாத்தாளும்

தொல்காப்பியர் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார். இலக்கியப் பெயர்ப்பினைப் பற்றி நம்மிடையே ஆராய்ச்சிகள் பலவுள. மருத்துவர் தாய்மாரிடம் கேட்கும் வினாத்தாளின் பெயர்ப்பும் அவ்வாறே ஆராயத்தக்கதாகும். இலக்கியத்தில் ஒரு சொல் பிறழின் சுவை குன்றும். ஈண்டுப் பிறழின் ஒரு குழந்தைக்கு உரிய காலத்திற் கிட்டவேண்டிய உதவி தவறிப்போகும்.

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தை லியோ கன்னர் 1943இல் விரித்துரைத்தார். இளங்குழவியரிடத்து அதன் அறிகுறிகளைத் தேடுதற்கென அமெரிக்காவில் 2001இல் வெளிவந்தது எம்-சாட் என்னும் வினாத்தாள். 2014இல் திருத்தப்பெற்ற வடிவம் 16 முதல் 30 திங்கள் வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. 20 வினாக்கள் கொண்டது. பெற்றோர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடையிறுப்பர். இது நோயை உறுதிசெய்வதன்று. மேலும் ஆராயவேண்டிய குழந்தையைப் பிரித்துக்காட்டும் சல்லடை போல்வதேயாம்.

இவ்வினாக்களுள் இரண்டு சுட்டுதலைப் பற்றியன. வேண்டிய பொருளைப் பெறுதற்கு விரல் நீட்டுதல் ஒன்று. தான் கண்டதனைப் பிறரும் காணுமாறு விரல் நீட்டுதல் மற்றொன்று. ஐந்தருவியில் ஒரு குழந்தை தாயின் கையிலுள்ள பழத்தைச் சுட்டுமாயின் அது முன்னையது. மரத்திலுள்ள குரங்கைச் சுட்டித் தாயின் முகத்தையும் திரும்பி நோக்குமாயின் அது பின்னையது. மதியிறுக்கமுடைய குழந்தைகளிடத்துப் பெரிதும் குறைந்து காணப்படுவது இப்பின்னையதே. ஆதலின், இவ்விரண்டன் வேறுபாட்டை மயங்கவைக்கும் பெயர்ப்பு வினாவின் உயிரையே போக்கிவிடும்.

‘சுட்டுகின்றதா?’ என்பது இலக்கண நெறியிற் குற்றமற்ற சொல்லே. எனினும் வீட்டுப் பேச்சில் ‘சுட்டு’ என்பது நெருப்பையே நினைவூட்டும். ‘கை காட்டுகிறதா?’ எனின், விடைபெறுங்கால் கையசைத்தலும் அதனுள் அடங்கும். ‘ஒரு விரலை நீட்டி, அதோ பார் என்று உங்களுக்குக் காட்டுமா?’ எனக் கேட்பின் பொருள் தெளிவுறும். பாவனை விளையாட்டைப் ‘பாசாங்கு’ என்று பெயர்ப்பின் வஞ்சகப் பொருள் தோன்றும். சொப்பு வைத்துச் சோறாக்குதல், பொம்மைக்கு ஊட்டுதல் எனச் செயலாற் கூறுதல் நன்று. ‘பார்ப்பதில்லையா?’ என்னும் எதிர்மறை வினாவிற்கு ‘ஆமாம்’ என்ற விடை வரின், அதன் கருத்து யாதெனத் துணிதல் அரிது.

பெயர்த்ததனை மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்தில் ஆக்கி, மூலத்தோடு ஒப்பிடுதல் வழக்கம். இது வேண்டுவதே, ஆயினும் இதுவே போதாது. ‘சுட்டுகின்றதா’ என்பது ஆங்கிலத்திற்குப் பழுதின்றித் திரும்பிவிடும். ஏனெனில் பெயர்ப்போர் இருவரும் நூல்வழக்கு அறிந்தவர். தாய்மாரிடம் வினாவைப் படித்துக்காட்டி, ‘இதற்கு நீங்கள் என்ன பொருள் கொண்டீர்கள்?’ எனக் கேட்டறிதல் அடுத்த படி. வினாத்தாளின் முடிவை அறியாத மருத்துவர் அக்குழந்தைகளை நேரிற் கண்டு கூறும் முடிவோடு ஒப்பிடுதல் இறுதிப் படி.

இவ்விறுதிப் படியின் இன்றியமையாமையை இலங்கை ஆய்வொன்று காட்டும். ஹேமமாலி பெரேரா முதலியோர் எம்-சாட்டின் சிங்களப் பெயர்ப்பினை 374 குழந்தைகளிடத்துச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். நேராய்வில் மதியிறுக்கம் உறுதிப்பட்டோர் நால்வர். அவருள் வினாத்தாள் இனங்கண்டது ஒருவரையே. நால்வர் என்பது சிறு தொகையாதலின் இதனைக்கொண்டு பேரளவை துணிதல் கூடாது. எனினும், மூவர் தப்பிய சல்லடையை அங்ஙனமே பயன்படுத்தலாகாது என்பது தெளிவு. பின்னர் அவர் சொல்லை மட்டும் நம்பாது, நிழற்படங்களைக் காட்டி வினவும் முறையொன்றை வகுத்து 2017இல் வெளியிட்டனர்.

ஆகவே, இத்துறையிற் பெயர்ப்பின் செம்மையை அளக்கும் கோல் மூலநூலோ அகராதியோ அன்று. கேட்கும் தாயின் உள்ளத்தில் எழும் பொருளேயாம். வட்டார வழக்காராய்ச்சியிற் பயின்ற தமிழ் மாணவர் மருத்துவரோடு கூடியிருந்து செய்யத்தக்க பணி இது.