முயலகனும் சாவிக்கொத்தும்

தில்லைச் சிற்றம்பலத்தில் நடராஜப் பெருமானைத் தரிசித்தவர்கள், ஊன்றிய திருவடியின் கீழே கிடக்கும் குறள் உருவத்தையும் கவனித்திருப்பார்கள். முயலகன் என்பது அவனுக்குப் பெயர். வடமொழியாளர் அபஸ்மாரன் என்பர். அபஸ்மாரம் என்பதோ ஆயுர்வேத நூல்களில் ஒரு வியாதியின் பெயர். நினைவு நழுவிப் போதல் என்று அதற்குப் பொருள். நாம் காக்காய் வலிப்பு என்று சொல்லுவது அதுவேதான். திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு எழுந்தருளியபோது, கொல்லி மழவனுடைய குமாரத்தி முயலகன் நோயினால் உணர்விழந்து கிடந்ததையும், சுவாமிகள் பதிகம் பாடி அவளை எழுப்பியதையும் பெரியபுராணம் கூறுகிறது. அந்த வரலாற்றில் என் மனத்தைக் கவருவது ஒரு சிறு விஷயம். மழவன் தன் பெண்ணை அந்தப்புரத்தில் ஒளித்து வைக்கவில்லை. ஊரறியச் சந்நிதியிலேயே கொண்டுவந்து கிடத்தினான்.

இக்காலத்துத் தகப்பனார்கள் எத்தனை பேர் அவ்விதம் செய்வார்கள்? சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் குமராட்சிப் பக்கத்தில் இந்த வியாதியைப் பற்றி ஒருவரும் உரக்கப் பேசுவதில்லை. நோயாளி பெண்ணாயிருந்துவிட்டால் மூச்சே விடமாட்டார்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. அப்படியிருக்க, நம் தெருவில் மட்டும் ஒருவருக்குமே இல்லை என்று நம்புவது எப்படி?

இது பேயுமன்று, பிசாசுமன்று. மூளையிலுள்ள நரம்பணுக்கள் நுண்ணிய மின்சாரத்தினால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் கூச்சலிட்டால் வலிப்பு வருகிறது. மூளையே இந்நோயின் இருப்பிடம் என்று கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. தலையின் மேல் கம்பிகளைப் பொருத்தி அந்த மின்சாரத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் முறையை ஜெர்மானிய டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்டார்.

வலிப்பு என்றவுடன் கைகால் வெட்டி இழுப்பதையே நினைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நான் பார்ப்பது வேறு வகை. சொல்வதெழுதும்போது ஒரு குழந்தை திடீரென்று எழுதுகோலை நிறுத்திவிட்டு வெறுமனே விழிக்கும். பத்து விநாடியில் மறுபடி எழுதத் தொடங்கும். நடுவே இரண்டு வார்த்தைகள் விட்டுப் போயிருக்கும். ஒரு நாளில் பல தடவை இப்படி நேர்ந்தால் அது பராக்குப் பார்ப்பதன்று. அந்தக் குழந்தைக்கு வேண்டியது பிரம்பு அல்ல, டாக்டர்.

நிற்க. சாவிக்கொத்துக்கு வருவோம். ஒருவர் விழுந்து துடித்தால், நம்மவர்கள் ஓடிவந்து கையில் இரும்பைத் திணிக்கிறார்கள். செருப்பையோ வெங்காயத்தையோ முகரச் செய்கிறார்கள். பல்லிடுக்கில் கரண்டிக் காம்பை நுழைக்கிறார்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிஷங்களில் தானே அடங்கிவிடுவதால் புகழெல்லாம் இரும்புக்குப் போய்விடுகிறது. கரண்டியினால் பல் உடைவதுதான் மிச்சம். செய்ய வேண்டியது மிகச் சொற்பம். அருகிலுள்ள கல், அடுப்பு, கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தெளிவு வரும் வரையில் தண்ணீரும் வேண்டாம். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியாமலே மறுபடி வந்தாலும், தண்ணீரில் விழுந்திருந்தாலும் 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கழனியும் வாய்க்காலுமாயுள்ள எங்கள் பிரதேசத்தில் தண்ணீரைப் பற்றித் தனியாகவே எச்சரிக்க வேண்டும். முழங்காலளவு ஜலம் கூட முகம் குப்புற விழுந்தவரின் உயிரைக் கொண்டுபோய்விடும். இந்நோயுள்ளவர் குளிக்கவோ நடவுக்கோ தனியே போகலாகாது.

காரணங்கள் பல: பிரசவத்தில் குழந்தையின் தலைக்கு நேரும் காயம், மூளைக் காய்ச்சல், விபத்து, பக்கவாதம். பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. ஆனால் நம் நாட்டில் ஒரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அந்த ஜில்லாவில் சுமார் 50,000 பேரைப் பரிசோதித்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய நால்வருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் நாடாப்புழுவின் இளம்புழுப் பருவக் கட்டிகளே காரணம்! பன்றி மாமிசம் தின்பவர்களுக்குத்தான் இது என்று சைவர்கள் நிம்மதியடைய வேண்டாம். குடலில் புழுவுள்ள ஒருவர் வாய்க்காலோரத்தில் மலம் கழித்தால், அந்த முட்டைகள் கீரையிலும் கொத்தமல்லியிலும் ஏறி, கழுவாத கையின் வழியாக எந்த ஆசாரசீலர் வயிற்றுக்கும் போய்ச் சேரும். வீட்டுக்கு ஒரு கக்கூஸும், சாப்பாட்டுக்கு முன் சோப்பும் எத்தனையோ மந்திரித்த கயிறுகளுக்கு மேலானவை.

மருந்து இருக்கிறதா? தாராளமாக இருக்கிறது. 1912-ல் பழக்கத்துக்கு வந்த பினோபார்பிட்டோன் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதன் பின் வந்தவை அநேகம். சரியாக மருந்துண்டால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பின்றி வாழலாம். அண்ணாமலை நகரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்களூரிலிருந்து பஸ் ஏறினால் போதும். ஆனால் மூன்று மாதம் வலிப்பு வராவிட்டால் குணமாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முயலகனைப் பெருமான் கொன்றுவிடவில்லை என்பதை நினைக்க வேண்டும். காலை எடுத்தால் எழுந்துவிடுவான். குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பேயில்லாமல் கழிந்த பிறகே, டாக்டர் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

கடைசியாகக் கல்யாண விஷயம். 1976-ல் திருத்தப்பட்ட ஹிந்து விவாகச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருவதை விவாகத்துக்குத் தடையாகச் சொல்லிற்று. அந்தச் சொற்களைப் பார்லிமெண்டு 1999-ல் நீக்கிவிட்டது. சட்டம் விட்டாலும் சம்பந்திகள் விடுவதில்லை. ஆகையால் பெண் வீட்டார் மறைக்கிறார்கள். புக்ககத்தில் மாத்திரைப் பொட்டலத்தைப் புடைவை மடிப்பில் ஒளித்து வைக்கும் பெண் வேளை தவறுகிறாள். கல்யாணச் சந்தடியில் தூக்கமும் கெடுகிறது. மறைத்த நோய் எல்லோரும் பார்க்க வெளிப்படுகிறது. முன்னாலேயே மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவதே அவளுக்குப் பாதுகாப்பு. இந்நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளையே பெறுகிறார்கள். ஆனால் வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. எனவே, கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைக் கண்டு மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், தானாக நிறுத்திவிடலாகாது.