பன்னுக்கு ஷூ இல்லை பாஸ்!

“தம்பி, ரெண்டு நாளா இவன் சோறு வெச்சாக்கூட எந்திரிச்சு வர மாட்டேங்குறான். காலை வேற நக்கிக்கிட்டே இருக்கான். என்னன்னு பாருங்கப்பா!”

எங்கள் காலேஜ் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்கா, போன மே மாதம் இப்படிச் சொன்னபோது நாங்கள் நாலு பேரும் பஜ்ஜியும் கையுமாக நின்றிருந்தோம். ‘இவன்’ என்பது பன்னு. அக்கா வளர்க்கும் நாய், எங்கள் கேங்கின் ஐந்தாவது மெம்பர். காலைத் திருப்பிப் பார்த்தால்... தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி பாதம் முழுக்க வெடிப்பு!

உடனே ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டோம். ஒருத்தன் தலைவலித் தைலம் என்றான், இன்னொருத்தன் மஞ்சள் என்றான். கடைசியில் ஜெயித்தது ஹாஸ்டலில் கிடந்த குதிகால் வெடிப்பு க்ரீம். தடவிய ஐந்தாவது நிமிடம் பன்னு அதை நக்கியே காலி பண்ணிவிட்டான். ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. மறுநாள் காலை ஆட்டோ பிடித்து அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம்.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மத்தியானத்துல இவன் எங்கே ஓடுறான்?”

நாலு பேரும் கப்சிப். லஞ்ச் பிரேக்கில், சிமென்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டில் டென்னிஸ் பந்தை வீசிவீசி அவனை ஓடவிட்டது நாங்கள்தானே!

இனி கொஞ்சம் மேட்டர். நாயின் ஒவ்வொரு பாதத்திலும் விரலுக்கு ஒன்றாக நாலு சின்ன மெத்தை, நடுவில் பெரிதாக ஒன்று இருக்கும். பார்க்க ரப்பர் செருப்பு மாதிரி தெரிந்தாலும் அது தோல்தான். மேலே தடித்த தோல், உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் கொழுப்பு. நாய்க்கு வியர்ப்பதும் முக்கியமாக அங்கேதான்.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் கவுன்டர்ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் படித்தோமே, ஞாபகம் இருக்கா? அது நாயின் காலுக்குள்ளும் இருக்கிறது! கீழே இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடிச் சூட்டைக் கைமாற்றும். 2011-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார்கள். அதனால்தான் பனியில் நடந்தாலும் நாயின் பாதம் எளிதில் உறைவதில்லை. ஆனால், கொதிக்கும் தார் ரோட்டுக்கு இந்த டெக்னிக் உதவாது. சூடான தரை, சொரசொரப்பான சிமென்ட், காரமான ஃபினாயில் போட்ட தரை... மூன்றுமே பாதத்தைப் பதம் பார்க்கும்.

டாக்டர் சொல்லி, நாங்கள் செய்தவை இதோ:

* வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்போதே முள், கண்ணாடித் துண்டு, உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

* ரத்தம் வராத வெறும் வறட்சி என்றால், தேங்காய் எண்ணெய் அல்லது வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி, மெல்லிசாக. ராத்திரி தூங்கும் முன் தடவினால் நக்குவது குறையும். அளவுக்கு மீறினால் பாதம் மிருதுவாகி, சீக்கிரம் கிழியும்.

* நம் க்ரீம்களுக்கு தடா! சிலவற்றில் சாலிசிலிக் அமிலம், ஜிங்க் ஆக்ஸைடு இருக்கும். நாய் நக்கினால் வயிற்றுக்கு ஆகாது. டீ ட்ரீ ஆயில் விஷமே.

* ரத்தம், சீழ், வீக்கம், கெட்ட வாடை, கால் ஊன்ற முடியாமல் தவிப்பு... இதில் எது இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், நேரே டாக்டர்தான்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். பாதத்தோடு மூக்கும் தடித்துக் காய்ந்து, காய்ச்சல், கண்ணில் பூளை, இருமல் எல்லாம் சேர்ந்தால் அது ‘டிஸ்டெம்பர்’ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். எண்ணெய் தடவி நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. வலியில் இருக்கும் நாய், பழகின ஆளையும் கடிக்கும். பழகாத தெரு நாயின் காலை நீங்களாகப் பிடிக்காதீர்கள். பல்லோ நகமோ பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசி போட ஓடுங்கள்.

பன்னுவுக்கு வெடிப்பு மூட மூன்று வாரம் ஆனது. மூன்றாவது நாளே வால் ஆட்டிக்கொண்டு பந்தைக் கவ்வி வந்து எங்கள் காலடியில் போட்டான். அதுவும் மத்தியானம் 1 மணிக்கு! அப்போதுதான் உறைத்தது. கால் வெடித்தாலும் நாய் விளையாட்டை நிறுத்தாது. ‘வேணாம்டா’ என்று சொல்ல வேண்டியது பந்தை வைத்திருக்கும் நாம்தான்.

இப்போதெல்லாம் மேட்ச் சாயங்காலம் 6 மணிக்கு மேல். அதற்கு முன், புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பார்ப்போம். நமக்குப் பொறுக்க முடியவில்லையா? அன்றைக்கு மேட்ச் கேன்சல். அக்கா கடையில் ஆளுக்கொரு டீ, பன்னுவுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்!